தலைப்பு மதகைப் பாருங்கள்: ஸ்கிரிப்ட் எழுதிய பிடிஎஃப்களில் அடுக்கு புக்மார்க் கோளாறுகள்

பக்கங்களில் ஒரு குறையும் இருக்காது. எழுத்து, அட்டவணை, படம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். இடது ஓரத்துப் புக்மார்க் பலகையைத் திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். கிளைத் தலைப்புகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். அல்லது ஒவ்வொன்றும் முந்தையதன் வயிற்றுக்குள் புகுந்து, பட்டியல் வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். முதல் அத்தியாயத்தோடு பட்டியல் நின்றுவிடுவதும் உண்டு. க்ளிக் செய்தால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும்.

டெல்டாவில் இந்த மாதிரி ஃபைல்களுக்குப் பஞ்சமில்லை. கிராமவாரி சாகுபடிப் பட்டியல், கூட்டுறவு சங்க ஆண்டறிக்கை, கும்பாபிஷேக மலர், கல்லூரி ஆய்வேடு என்று பலவற்றை இப்போது எக்ஸெல்லிலிருந்தோ டேட்டாபேஸிலிருந்தோ ஸ்கிரிப்ட் போட்டுத்தான் பிடிஎஃப்பாக எடுக்கிறார்கள். நானூறு பக்க ஃபைலில் புக்மார்க் ஒழுங்காக இல்லையென்றால் வலங்கைமானைத் தேடி நன்னிலம் வரை உருட்ட வேண்டியதுதான்.

வாய்க்கால் பிரியும் இடத்துக்கும் அத்தியாயத்தின் பெயருக்கும் நம்மிடம் ஒரே சொல்தான்: தலைப்பு. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடையில் மண்வெட்டி போட்டுப் பயனில்லை, தலைப்பு மதகைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். புக்மார்க்கும் அப்படியே. உடைந்து தெரிகிற இடம் ஒன்று. உடைந்த இடம் அதற்கு மேலே எங்கோ. பிடிஎஃப் எழுதித் தரும் லைப்ரரியை (ஆயத்தக் கோடுத் தொகுப்பை) குறை சொல்வதற்கு முன், எது எத்தனையாவது அடுக்கு என்று நாம் அதற்குக் கொடுத்த லெவல் எண்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் கோளாறு அங்கேதான்.

ஒரு சின்ன ஃபைல், பத்து புக்மார்க்

கல்லணையில் பிரியும் ஆறுகளை வைத்து ஒரு பாசனக் கையேடு என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கில் மூன்று: காவிரி (பக்கம் 1), வெண்ணாறு (31), கல்லணைக் கால்வாய் (63). காவிரிக்குக் கீழே குடமுருட்டி (9), அரசலாறு (22). குடமுருட்டிக்குக் கீழே திருமலைராஜனாறு (14). வெண்ணாற்றுக்குக் கீழே வெட்டாறு (37), வடவாறு (43), பாமணியாறு (50), கோரையாறு (56). மொத்தம் பத்து.

பிடிஎஃப்புக்குள் இது பட்டியலாக இருப்பதில்லை. ஒவ்வொரு புக்மார்க்கும் தனித்தனி ஆப்ஜெக்ட் (தகவல் பொட்டலம்). ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். டைட்டில் என்ற இடத்தில் பெயர். பேரன்ட் மேலே இருப்பதைக் காட்டும். ப்ரீவ், நெக்ஸ்ட் இரண்டும் அதே அடுக்கில் முன்னும் பின்னும் இருப்பவற்றைக் காட்டும். பிள்ளைகள் இருந்தால் ஃபர்ஸ்ட் தலைப்பிள்ளையையும் லாஸ்ட் கடைக்குட்டியையும் காட்டும்; நடுவில் இருப்பவை நெக்ஸ்ட் சங்கிலி வழியாகத்தான் தெரியவரும். போகவேண்டிய பக்கம் டெஸ்ட் (டெஸ்டினேஷன்) அல்லது ஏ (ஆக்‌ஷன்), இரண்டில் ஒன்றில் இருக்கும். இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஃபைலின் தலைமை ஆப்ஜெக்டான கேட்டலாக்கிலிருந்து அவுட்லைன்ஸ் என்ற வேர் தொங்கும்.

நம் கையேட்டில் குடமுருட்டியின் நெக்ஸ்ட் அரசலாறு. திருமலைராஜனாறு அல்ல. கையால் எழுதும் கோடில் தவறுகிற முதல் இடம் இதுதான். ஆவணத்தில் குடமுருட்டிக்கு அடுத்து வருவது திருமலைராஜனாறு என்பதால் நெக்ஸ்ட்டிலும் அதையே போட்டுவிடுவார்கள். உடனே அரசலாறு யாருக்கும் பிள்ளையில்லாமல் அனாதையாகிவிடும்.

சில வியூவர்கள் ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கிப் போகும். பேரன்ட், லாஸ்ட் எப்படி இருந்தாலும் கவலைப்படாது. சில எல்லாவற்றையும் நம்பும். "குரோமில் வருகிறது, அக்ரோபேட்டில் வரவில்லை" என்ற புகாருக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஒன்றில் வருகிறது என்பதால் ஃபைல் சரி என்று ஆகிவிடாது. அக்ரோபேட்டில் திறந்து ஒன்றும் தொடாமல் மூடும்போது "சேமிக்கவா?" என்று கேட்கிறதா, கவனியுங்கள். கேட்டால், உடைந்த எதையோ அது திறக்கும்போதே சத்தமில்லாமல் ஒட்டுப்போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கவுண்ட் என்ற எண்

அதிகம் பேரைக் குழப்புவது கவுண்ட். பெயரைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது நேர்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல. கீழே கண்ணுக்குத் தெரியும் வாரிசுகள் எத்தனை என்பதன் கணக்கு. விரிந்திருந்தால் நேர் எண், மூடியிருந்தால் எதிர் எண்.

எல்லாம் விரிந்திருக்கும்போது: குடமுருட்டிக்கு 1, காவிரிக்கு 3, வெண்ணாற்றுக்கு 4, வேருக்கு 10. கல்லணைக் கால்வாய்க்குப் பிள்ளை இல்லை. அங்கே கவுண்ட்டே எழுத வேண்டாம்.

இப்போது குடமுருட்டியை மட்டும் மூடுங்கள். அதன் கவுண்ட் −1. திருமலைராஜனாறு கண்ணில் படாது என்பதால் காவிரியின் கவுண்ட் 2 ஆகும், வேர் 9 ஆகும். அடுத்து, குடமுருட்டியைத் திறந்துவிட்டுக் காவிரியை மூடுங்கள். காவிரி −3: திறந்தால் மூன்று தெரியும் என்று பொருள். வேரில் 7: மேல் அடுக்கு மூன்று, வெண்ணாற்றின் நான்கு. இரண்டையும் மூடினால் காவிரி −2, குடமுருட்டி −1, வேர் அதே 7. ஷட்டரை இறக்கினால் அதற்குக் கீழுள்ள வாய்க்கால் எல்லாம் கணக்கிலிருந்து போய்விடுகிறது, அவ்வளவுதான். வேரில் எதிர் எண் வரவே கூடாது.

இந்தக் கணக்கைக் கீழிருந்து மேலே போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தெரியும் வாரிசுகள் = நேர்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை + விரிந்திருக்கும் பிள்ளைகளின் கவுண்ட். மூடிய பிள்ளையின் எதிர் எண்ணைக் கூட்டலில் சேர்க்கக் கூடாது. இதைச் சேர்த்துவிட்டு, மேல் அடுக்கில் 0 என்றோ எதிர் எண் என்றோ வந்து, முழுக் கிளையும் மூடிக் கிடப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

பிடிஎஃப் எடுக்கும் கருவியான கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு, புக்மார்க் விவரம் சொல்லும் பிடிஎஃப்மார்க் வரிகள் எழுதுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. அங்கேயும் கவுண்ட் என்றுதான் பெயர், ஆனால் பொருள் வேறு: நேர்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும். எல்லாம் விரிந்த நம் கையேட்டில் காவிரிக்குப் பிடிஎஃப்புக்குள் 3, பிடிஎஃப்மார்க்கில் 2. அங்கே 3 என்று எழுதினால் அடுத்து வரும் வெண்ணாற்றை அது காவிரியின் மூன்றாவது பிள்ளையாகத் தத்தெடுத்துவிடும். வெண்ணாற்றோடு அதன் பிள்ளைகளும் ஒரு அடுக்கு உள்ளே போய்விடும். பட்டியலின் நடுவில் ஒரு கிளை முழுவதும் ஒருபடி உள்ளே தள்ளி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

படிக்கட்டும் தட்டையும்

எல்லாம் ஒரே அடுக்கில் தட்டையாக நின்றால், மேலுள்ளது யார் என்று நாம் சொல்லவே இல்லை என்று பொருள். பைத்தான் லைப்ரரியான பைபிடிஎஃப்பில், புக்மார்க் சேர்க்கும் ஆட் அவுட்லைன் ஐட்டம் ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பைத் திருப்பித் தரும். அதை ஒரு வேரியபிளில் பிடித்து, அடுத்த அழைப்பில் பேரன்ட் ஆகக் கொடுக்க வேண்டும். தலைப்பின் பெயரைக் கொடுத்தால் நடக்காது. பழைய கோடில் ஆட்புக்மார்க் என்று இருந்தால், பைபிடிஎஃப்2-வின் 3.0 பதிப்பில் அந்தப் பெயரே வேலை செய்யாது. இப்போது பராமரிப்பில் இருக்கும் பைபிடிஎஃப்புக்கு மாறிவிடுவது நல்லது.

பட்டியல் படிக்கட்டாக இறங்கினால் எதிர்த் தவறு. லூப்புக்குள் ஒரே வேரியபிளில் திரும்பத் திரும்ப எழுதி, அதையே பேரன்ட் ஆகவும் கொடுத்திருப்பீர்கள். வடவாறு வெட்டாற்றுக்குள், பாமணியாறு வடவாற்றுக்குள், கோரையாறு பாமணியாற்றுக்குள் என்று ஆற்றுக்குள் ஆறாகப் போகும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து ஸ்டேக்: ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உச்சியிலிருந்தே எடுக்கும் அடுக்கு. காலி ஸ்டேக்கில் தொடங்குங்கள். ஒரு தலைப்பு வரும்போது, ஸ்டேக்கின் உச்சியில் இருப்பதன் லெவல் புதியதன் லெவலுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும்வரை உச்சியை எடுத்துப் போட்டுக்கொண்டே இருங்கள். மிஞ்சும் உச்சிதான் பேரன்ட். ஸ்டேக் காலியானால் வேர். பிறகு புதியதை அதன் லெவலோடு ஸ்டேக்கில் வையுங்கள். திருமலைராஜனாறு (3) முடிந்து அரசலாறு (2) வரும்போது ஸ்டேக்கில் காவிரி 1, குடமுருட்டி 2, திருமலைராஜனாறு 3 இருக்கும். 3 போகும், 2 போகும், காவிரி மிஞ்சும். அரசலாறு காவிரிக்குப் பிள்ளை. "சமமாகவோ" என்பதை விட்டு "அதிகமாக" என்று மட்டும் எழுதினால் அரசலாறு குடமுருட்டிக்குள் போய் விழும். படிக்கட்டு வருவதற்கு இன்னொரு வழி இது.

லெவல் தாண்டுவது தனி வியாதி. 1-லிருந்து நேரே 3-க்குக் குதித்தால் ரிப்போர்ட்லேப் என்ற பைத்தான் லைப்ரரி பிழை சொல்லி நின்றுவிடும். இன்னொரு லைப்ரரியான பைமியூபிடிஎஃப்பில், முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் எழுதும் செட் டாக்கும் அப்படியே. அதற்கு முதல் வரி லெவல் 1-ஆகவும் இருந்தாக வேண்டும். அச்சுக்கோப்பு மென்பொருளான லாடெக்கில், புக்மார்க் போடும் ஹைப்பர்ரெஃப் தொகுப்பு எச்சரிக்கை மட்டும் கொடுத்துத் தானே திருத்திக்கொள்ளும். நின்றுபோகும் கருவிகளையே நான் விரும்புவேன். சத்தமில்லாமல் திருத்துபவை தவறை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கின்றன. நடுவில் காலித் தலைப்பு ஒன்றைச் சொருகிச் சமாளிப்பது வேண்டாம். மேலே சொன்ன ஸ்டேக்கில் பழைய லெவலையே வைத்து, உச்சிகளை எடுத்த பிறகு இருக்கும் ஸ்டேக்கின் உயரம் + 1 என்பதைக் கருவிக்கு லெவலாகக் கொடுத்துவிட்டால் தாண்டல் தானாகச் சமனாகும். ரிப்போர்ட்லேப்பில் லெவல் 0-லிருந்து தொடங்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

பைமியூபிடிஎஃப்பில் மூன்றாம் அடுக்கைக் காணோம் என்று பதறுவதற்கு முன் ஒன்று: செட் டாக் இயல்பாகவே முதல் அடுக்கை மட்டும் காட்டி மற்றதை மூடி வைக்கும். கொலாப்ஸ் என்ற மதிப்பை 0 ஆக்கினால் எல்லாம் விரியும். அதுபோலவே ஃபைலைத் திறந்ததும் பலகை தெரியவில்லை என்பதும் கோளாறு அல்ல. கேட்டலாக்கில் பேஜ்மோட் என்ற இடத்தில் யூஸ்அவுட்லைன்ஸ் என்று எழுத வேண்டும்.

வேறு பக்கம் திறந்தால்

ஒரு பக்கம் தள்ளித் திறந்தால் 0-வா 1-ஆ என்ற பழைய சண்டைதான். பைபிடிஎஃப்பும் பைக்பிடிஎஃப்பும் முதல் பக்கத்தை 0 என்று எண்ணும். பைமியூபிடிஎஃப்பின் செட் டாக், பிடிஎஃப்டிகே, பிடிஎஃப்மார்க் மூன்றும் 1 என்று எண்ணும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தள்ளித் திறந்தால் எண்ணல் பிழை, அல்லது புக்மார்க் போட்ட பிறகு அட்டையும் உள்ளடக்கமும் முன்னால் ஒட்டப்பட்டிருக்கின்றன. போகப்போகத் தள்ளல் அதிகமானால் நடுவில் எங்கோ பக்கங்கள் கூடியிருக்கின்றன. எந்தத் தலைப்பில் தள்ளல் மாறுகிறதோ அதற்குச் சற்று மேலே தேடுங்கள்.

சரியான பக்கம், தவறான உயரம் என்பதும் உண்டு. பிடிஎஃப்பில் உயரம் கீழிருந்து அளக்கப்படும். ஏ4 தாளின் அகலம் 595, உயரம் 842 பாயின்ட். ஒரு அங்குலத்துக்கு 72 பாயின்ட். மேலிருந்து 100 பாயின்ட்டில் இருக்கும் தலைப்புக்கு 842 − 100 = 742 கொடுக்க வேண்டும். 100 என்றே கொடுத்தால் பக்கத்தின் அடிவாரம் திறக்கும். பயனாளி அடுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு "தப்பாகப் போகிறது" என்பார். 742 கொடுத்தாலும் அது எழுத்துகள் உட்காரும் அடிவரியாக இருந்தால் தலைப்பு திரைக்கு மேலே மறைந்துவிடும். எழுத்தளவில் ஒன்றரை மடங்கு கூட்டுங்கள்: 18 பாயின்ட் தலைப்புக்கு 742 + 27 = 769. கீ, வீ போன்றவற்றின் சுழி மேலே ஏறுவதால் ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் அதிகம் இடம் தேவை.

பெரிதாக்கல் அளவை நல் (மதிப்பு இல்லை) என்று விடுங்கள், அல்லது 0. ஒவ்வொரு க்ளிக்குக்கும் முழுப் பக்கமாகச் சுருங்கும் ஃபிட் வகை, அட்டவணையை 150 சதவீதத்தில் வைத்துப் படிப்பவரைக் கடுப்பேற்றும்.

கையால் எழுதுபவர்களுக்கு: டெஸ்ட்டின் முதல் உறுப்பு பக்கத்தின் ஆப்ஜெக்ட் குறிப்பாக இருக்க வேண்டும், எண்ணாக அல்ல. எண் என்பது வேறு ஃபைலுக்குத் தாவும்போதுதான். எண் கொடுத்தாலும் சில வியூவர்கள் பெருந்தன்மையாகத் திறக்கும், சில க்ளிக்கை விழுங்கிவிடும்.

தமிழ்த் தலைப்புகள்

நம் ஊர் ஃபைல்களில் அதிகம் கெடுவது இங்கேதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் தொடாமல் போவதும் இங்கேதான்.

டைட்டில் சரத்துக்கு (எழுத்துத் தொடருக்கு) அனுமதிக்கப்பட்ட குறியாக்கங்கள் மூன்று. லத்தீன் எழுத்துகளுக்கான பிடிஎஃப்டாக் குறியாக்கம், முன்னால் 254, 255 என்ற இரண்டு பைட் வைத்த யூடிஎஃப்-16 பிக் எண்டியன் (பெரிய பைட் முதலில்), பிடிஎஃப் 2.0-விலிருந்து, முன்னால் 239, 187, 191 வைத்த யூடிஎஃப்-8. முன்குறி இல்லாமல் யூடிஎஃப்-8 பைட்களைக் கொட்டினால் வியூவர் அதை லத்தீனாகப் படிக்கும். 'த' யூடிஎஃப்-8-ல் 224, 174, 164. 224 மேலே கோடு சாய்ந்த ரோமன் சின்ன 'ஏ'-வாகத் தெரியும், 174 வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவுக் குறியாகத் தெரியும். தமிழ் எழுத்துகள் எல்லாமே 224-ல்தான் தொடங்கும், அடுத்த பைட் 174 அல்லது 175. ஆகவே பலகையில் கோடு போட்ட 'ஏ'-வும் வட்ட 'ஆர்'-உம் திரும்பத் திரும்ப வந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், முன்குறி இல்லாத யூடிஎஃப்-8.

யூடிஎஃப்-16-ல் அதே 'த' 11, 164 என்ற இரண்டு பைட். பைத்தானில் வெறுமனே யூடிஎஃப்-16 என்று கேட்டால் பெரும்பாலான கணினிகளில் லிட்டில் எண்டியன் வரும், முன்குறி 255, 254 என்று திரும்பியிருக்கும். பிடிஎஃப் விதியில் அதற்கு இடமில்லை. பிக் எண்டியன் என்று சொல்லிக் கேட்டு, 254, 255-ஐ நீங்களே முன்னால் ஒட்டுங்கள்.

அடைப்புக்குறி இன்னொரு எமன். பிடிஎஃப்பில் சரம் வளைவு அடைப்புக்குறிக்குள் எழுதப்படும். "பாசனம் (குறுவை)" என்று ஜோடியாக இருந்தால் பிழைக்கும். "1) காவிரி" என்று எண் போட்டால் அந்த ஒற்றை மூடும் குறி சரத்தையே மூடிவிடும், மீதி பைட்கள் குப்பையாகி, சில சமயம் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து காணாமல் போகும். முன்னால் பின்சாய்வு போட்டுத் தப்பிக்கலாம். அதைவிட, கோணக் குறிக்குள் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) சரமாக எழுதிவிட்டால் தொல்லையே இல்லை.

பழைய டிடிபி மூலத்திலிருந்து வரும் தலைப்புகள் பாமினி போன்ற எழுத்துருக் குறியாக்கத்தில் இருக்கும். பக்கத்துக்குள் அந்த எழுத்துரு பதிந்திருப்பதால் தமிழாகத் தெரியும். புக்மார்க் பலகை ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துருவைப் பயன்படுத்தாது, கணினியின் சொந்த எழுத்துருவில்தான் காட்டும். அங்கே அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. பிடிஎஃப் பக்கத்திலிருந்தே தலைப்பைப் பிரித்தெடுத்துப் புக்மார்க் ஆக்கவும் வேண்டாம். கொம்பும் காலும் இடம் மாறி, 'கோரையாறு' கொம்பை முன்னால் தூக்கிக்கொண்டு வரும். எக்ஸெல்லில் இருக்கும் மூலத் தலைப்பையே எடுங்கள். 'கொ'-வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

குறுவையும் கறவையும்

க்ளிக் செய்தால் பல தலைப்புகள் ஒரே பக்கத்துக்குப் போகின்றனவா? புக்மார்க் பக்கத்தை நேரே காட்டாமல் ஒரு பெயர் (சாவி) வழியாகக் காட்டும் பெயரிட்ட இலக்குகளில் அந்தச் சாவி மோதுகிறது. ஒவ்வொரு ஆற்றுக்கும் கீழே "முன்னுரை" இருந்து, தலைப்பையே சாவியாகக் கொடுத்தால் எல்லா முன்னுரையும் ஒன்றாகிவிடும். ஒரு கருவியில் முதலில் பதிந்த பக்கம் வெல்லும், இன்னொன்றில் கடைசியாகப் பதிந்தது.

தமிழில் இதற்கு மேல் ஒரு குழி இருக்கிறது. தலைப்பிலிருந்து சாவி செய்யும் பல ஃபங்ஷன்கள் ஆங்கிலம் அல்லாததை எல்லாம் துடைத்துவிடும். மிஞ்சுவது காலிச் சரம். பத்துத் தலைப்புக்கும் ஒரே காலிச் சாவி. சரி, யூனிகோட் புரிந்த பைத்தான் ரெஜெக்ஸ் (எழுத்துத் தேடல் விதி) போடலாம் என்றால், அதன் 'சொல்லெழுத்து' வகைக்குள் உயிர்க்குறிகளும் புள்ளியும் வராது. தஞ்சாவூர் 'தஞசவர' ஆகும். குறுவை 'கறவ' ஆகும். கறவை மாடு பற்றிய அத்தியாயத்தின் 'கறவை'யும் அதே 'கறவ' ஆகும். குறுவைச் சாகுபடியைத் திறந்தால் மாட்டுத் தொழுவம் வந்து நிற்பது இப்படித்தான்.

சாவிக்கும் தலைப்புக்கும் உள்ள உறவை வெட்டிவிடுங்கள். வரிசை எண்ணே போதும்: 0001, 0002. தலைப்பு பலகையில் காட்ட மட்டும்.

பெயரிட்ட இலக்குகளைக் கையால் எழுதினால் நேம் ட்ரீ என்ற சாவிப் பட்டியலில் சாவிகள் அகரவரிசைப்படி, சரியாகச் சொன்னால் பைட் வரிசைப்படி, அடுக்கியிருக்க வேண்டும். வரிசை தப்பினால் சில வியூவர்கள் பாதிச் சாவிகளைக் கண்டுபிடிக்காது. எண் சாவியில் முன்னால் பூஜ்யம் வைப்பது இதற்காகத்தான். இல்லாவிட்டால் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்கும்.

ஃபைல்களை இணைக்கும்போது

மாவட்டவாரியாகத் தனித்தனி ஃபைல் எடுத்துக் கடைசியில் ஒட்டுவது வழக்கம். க்யூபிடிஎஃப் என்ற கட்டளைக் கருவியின் பேஜஸ் வழியில் ஒட்டினால் முதன்மை ஃபைலின் புக்மார்க் மட்டும் நிற்கும், மற்றவை போய்விடும். காலி ஃபைலை முதன்மையாக வைத்தால் எதுவுமே நிற்காது. முதன்மையிலிருந்து சில பக்கங்களை மட்டும் எடுத்திருந்தால் எடுக்காத பக்கங்களின் புக்மார்க்குகள் பலகையில் பிணமாகத் தொங்கும். பைபிடிஎஃப்பின் அப்பெண்ட் பிள்ளை ஃபைலின் புக்மார்க்குகளையும் கொண்டுவரும். அவுட்லைன் ஐட்டம் என்ற இடத்தில் பெயர் கொடுத்தால் அதன் கீழே அவற்றைத் தொங்கவிடும். லாடெக்கில் எடுத்த இரண்டு ஃபைல்களிலும் சாப்டர்.1 என்ற ஒரே சாவி இருக்கும் என்பதால் ஒட்டிய பிறகு திருவாரூரை அழுத்தினால் தஞ்சாவூர் திறக்கலாம். என்னைக் கேட்டால், ஒட்டும்போது பழைய புக்மார்க்குகளை இறக்கவே வேண்டாம். எல்லாம் ஒட்டி முடிந்ததும், பக்க எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், ஒரே மூச்சில் புதிதாக எழுதுங்கள்.

வேர்டு வழியாக வருபவர்களுக்கு இரண்டே சொல். வேர்டில் புக்மார்க் என்பது வேறு சரக்கு. பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது தலைப்புகளிலிருந்து உருவாக்கு என்பதைத் தேர்ந்தால்தான் அடுக்கு வரும். வேர்டு ஃபைல் எழுதும் பைத்தான்-டாக்ஸில் ஆட் ஹெட்டிங்கில் லெவல் 0 கொடுத்தால் அது டைட்டில் பாணியாகிவிடும், தலைப்பு வரிசையில் சேராது. அத்தியாயங்கள் மட்டும் காணாமல் போவது அதனால்தான். எச்டிஎம்எல் வழியில் டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் இயல்பாக நான்கு அடுக்கோடு நிறுத்திக்கொள்ளும். அதன் திட்டம் 2023-ல் காப்பகத்துக்குப் போய்விட்டது, புது வேலைக்கு வீஸிபிரின்ட் எடுங்கள். அதில் புக்மார்க் லெவல் என்ற சிஎஸ்எஸ் பண்பால் எந்தத் தலைப்பு எந்த அடுக்கு என்று நீங்களே சொல்லலாம், வேண்டாததற்கு நன் (ஏதுமில்லை) கொடுக்கலாம்.

பிடித்துப் பார்ப்பது

முதலில் மியூடூல் என்ற கருவியின் ஷோ கட்டளைக்கு ஃபைல் பெயரும் அவுட்லைன் என்ற சொல்லும் கொடுங்கள். மரம் அப்படியே திரையில் விழும். இங்கேயே அடுக்கு தவறாக இருந்தால் நம் லெவல். இங்கே சரியாக இருந்து அக்ரோபேட்டில் தவறினால் பேரன்ட், லாஸ்ட், கவுண்ட் மூன்றில் ஒன்று. பிறகு க்யூபிடிஎஃப் செக். அது ஃபைலின் எலும்பு சரியா என்று பார்க்கும், கவுண்ட் கணக்கைப் பார்க்காது. அதற்கு, க்யூபிடிஎஃப்பின் க்யூடிஎஃப் (கண்ணால் படிக்கும்) முறையில் ஆப்ஜெக்ட் ஸ்ட்ரீம்களை (சுருக்கிக் கட்டிய ஆப்ஜெக்ட்களை) முடக்கி வேறொரு ஃபைலாக எடுத்து நோட்பேடில் திறங்கள். அவுட்லைன்ஸ் என்று தேடி வேரைப் பிடித்து, ஃபர்ஸ்ட் சொல்லும் எண்ணுக்குப் போய், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்டாக நடங்கள். கடைசியில் நிற்கும் எண்ணும் வேரின் லாஸ்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வழியில் ஏற்கெனவே பார்த்த எண்ணே திரும்ப வந்தால் சங்கிலி வட்டமாகியிருக்கிறது. சில வியூவர்கள் தொங்கிப்போவது அதனால்தான்.

ஸ்கிரிப்ட்டின் முடிவிலேயே ஒரு சோதனை வைத்துவிடலாம்: எழுதிய ஃபைலை மறுபடி திறந்து, லெவல், தலைப்பு, பக்கம் மூன்றையும் படித்து, கொடுத்த பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் ஃபைலை வெளியே விடாமல் நிறுத்தட்டும். கண்ணால் பார்க்கும்போது முதல் புக்மார்க்கை க்ளிக் செய்து திருப்திப்படாதீர்கள். பக்கம் 1 பெரும்பாலும் சரியாகத்தான் திறக்கும். அடுக்கில் ஆழமானதையும், பட்டியலில் கடைசியையும் க்ளிக் செய்யுங்கள். நம் கையேட்டில் திருமலைராஜனாறு 14-லும் கல்லணைக் கால்வாய் 63-லும் திறக்க வேண்டும்.